மாதிரி

பழைய சோனகத் தெருவில்
அரிசிச் சாக்கின் வயிற்றில் குத்தூசி செருகி
உள்ளங்கையில் பத்துப் பதினைந்து மணி வாங்கி
ஒன்றைக் கடித்து விலை சொல்கிறவன் நான்.
இருபத்தாறு வருடம்.
கீரிச் சம்பாவா, கீரிச் சம்பா என்று சொல்லி விற்பதா,
பல்லுக்குத் தெரியும்.

இப்போது விடியற்காலையில்
என் விரல் நுனியில் திலகேஸ்வரி குத்துகிறாள்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
ஒரு துளி பிதுக்கிக் கீற்றில் ஏந்துகிறாள்.
அந்தச் சின்னப் பெட்டி யோசிக்கிற ஐந்து விநாடியும்
கடன் கேட்டு வந்தவன்போல நிற்கிறேன்.
இருநூற்றுப் பதினெட்டு.
"பழைய ஸ்டொக்" என்கிறாள்.

சீனி வருத்தம் என்று பெயர்.
சீனியை நான் எப்போதோ விட்டவன்.
சோறுதான் என்று கிளினிக்கில் சொன்னபோது
சிரிப்பு வந்தது.
பாண், இடியப்பம், இரவு கொத்து
எல்லாம் ஒரே குடும்பம் என்றார்கள்.
சிரிப்பு நின்றது.

முதலில் களவு செய்தேன்.
தவணைக்கு முந்திய மூன்று நாள் கீரையும் மீனும்.
வெறும்வயிற்றுக் கணக்கு அழகாக வந்தது.
தாதி மறுதாளைத் திருப்பினாள்.
மூன்று மாதச் சராசரி: பத்துப் புள்ளி நாலு.
இரத்தம் தனக்கென்று ஒரு பேரேடு வைத்திருக்கிறது,
அழிறப்பர் அதில் வேலை செய்யாது.

பிறகு வீம்பு.
ஒரே நாளில் சோற்றை அடியோடு நிறுத்தினேன்.
மாத்திரையை மட்டும் பழைய அளவில் விழுங்கினேன்.
யாரிடமும் கேட்கவில்லை.
நாலாம் நாள், லொறி பின்வாங்கும் நேரம்,
கை நடுங்கியது, சட்டை முதுகோடு ஒட்டியது,
சாக்கில் அச்சடித்த மயில் இரண்டாகி நடந்தது.
நாட்டாமை சிறிபால மூட்டையைப் போட்டுவிட்டு வந்தான்.
சாரத்து மடிப்பிலிருந்து
வெற்றிலைச் சரை பிரிப்பதுபோல் ஒன்றைப் பிரித்து
என் வாயில் கொட்டினான்.
சீனி.
மூச்சு வந்தபின் கேட்டேன்,
இதை ஏன் மடியில் கட்டிக்கொண்டு திரிகிறாய்?
"எனக்கும்தான்" என்றான். "வெள்ளிக்கிழமை கிளினிக்."
ஐம்பது கிலோவைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான்.

டொக்டர் ஏசினார்.
"தட்டைக் குறைக்கிறதென்றால்
முதலில் என்னிடம் சொல்ல வேணும்."
காலை மாத்திரையைப் பாதியாக்கினார்.

இப்போது மதியம் கரியரைத் திறந்தால்
பொன்னாங்காணி வறை, பயற்றங்காய்,
சூரைத் துண்டு இரண்டு, அவித்த முட்டை.
மூலையில் சோறு. நாலு கரண்டி.
பொறுமை இருந்தால் எண்ணிவிடலாம்.
சோற்றுக்கு என்ன கறி என்று கேட்டு வளர்ந்தவன்
கறிக்குக் கொஞ்சம் சோறு தின்கிறேன்.
"சோறு தின்றாச்சா?" என்று தெருவில் கேட்பவர்களுக்கு
முழு ஆம் சொல்ல முடிவதில்லை.

பின்னேரம் மூன்று மணிதான் கெட்ட நேரம்.
ஒரு சரை கச்சானை
நாற்பது நிமிடத்துக்கு நீட்டுகிறேன்.
ஜெம்பட்டா வீதியில், பக்கத்து வீட்டு ஜன்னலில்
கஞ்சி வடிக்கும் வாசம் வந்தால்
தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுகிறேன்,
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தும்.

இவ்வளவும் தாங்கலாம்.
ஓரிரவு தண்ணீருக்கு எழுந்தபோது
அவள் குசினியில், விளக்குப் போடாமல்,
நின்றபடி சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.
தட்டில் கரண்டி படாமல், கையால், களவாக.
இங்கே வந்து இரு, என்றேன்.
மேசையில் எதிரே உட்கார்ந்தாள்.
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது நாட்டரிசி. கொஞ்சம் குழைந்திருந்தது.
சொல்லவில்லை.

போன மாதப் பேரேடு ஏழு புள்ளி ஆறு.
இன்னும் இறங்க வேண்டிய விலை.

கடையில், கடித்த மணியை
இப்போதெல்லாம் துப்பிவிடுகிறேன்.
சில நாள் மறந்துபோகிறது.
ஒரு மணிதான்.
அதை நான் எங்கும் எழுதுவதில்லை.